சேர்வர் சிங்கப்பூரில், திறப்பு கொக்குவிலில்: பைதனால் மைன்கிராஃப்ட் சேர்வரை ஆளும் வழி

எங்கள் ஒழுங்கைப் பெடியள் ஆறு பேர், ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பியின் பிள்ளைகள் இருவர், லண்டனில் இருக்கிற மச்சாளின் மகன், இவ்வளவு பேரும் சேர்ந்து விளையாடுகிற ஒரு மைன்கிராஃப்ட் சேர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சேர்வர் ஓடுவது சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன லினக்ஸ் மெஷினில், நான் இருப்பது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். யாரையாவது அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலுக்கும் அந்த மெஷினுக்குள் போய் கட்டளை தட்டுகிற திரையான கொன்சோலைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவையும் பைதன் நிரல்மொழியின் ஒரு லைப்ரரி, அதாவது யாரோ முதலே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, செய்கிறது, அதற்கு நான் எழுதியது இருபது முப்பது வரிதான்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். சேர்வரோடு இணைவதும் கட்டளை அனுப்புவதும் லேசான பகுதி, ஐந்து நிமிட வேலை. படலையைப் பூட்டி வைப்பதும், இணைப்பு இடைநடுவே அறுந்தால் சேர்வரை எந்த நிலையில் விட்டுவிட்டு வருகிறோம் என்று யோசிப்பதும்தான் உண்மையான வேலை. நான் பிள்ளைகளின் இரண்டு நாள் உழைப்பைத் தொலைத்தது இந்த இரண்டாவதில்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூட இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள், நான் வேறு மாதிரிச் சொல்லாத வரைக்கும். எண்கள், புள்ளி, இடைக்கோடு எல்லாம் அப்படியே.

ஏன் வீட்டில் வைக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில்தான் வீட்டுச் சேர்வர் என்ற யோசனையைக் கைவிட்டேன். கரண்ட் பிரச்சினை இல்லையென்றாலும் இன்னொன்று இருக்கிறது. இங்கே பல வீட்டு இணைப்புகளில், குறிப்பாக சிம் போடுகிற ரவுட்டர்களில், நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு பொது முகவரிதான் கிடைக்கும், ஆகவே ரவுட்டரில் நீங்கள் என்னதான் போர்ட் (இணைப்பு வருகிற இலக்கமிட்ட வாசல்) திறந்தாலும் வெளியாள் உங்கள் வீடு வரை வந்து சேரமாட்டார். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்களுக்கும் அதே நிலைதான், நேரத்தை வீணாக்காமல் வெளியில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்குத்தான். போனில் விளையாடுகிற பெட்றொக் பதிப்பின் அதிகாரபூர்வ சேர்வரில் இந்த வசதியே கிடையாது.

ஆர்கொன் என்றால் என்ன

ரிமோட் கொன்சோல் என்பதன் சுருக்கம்தான் ஆர்கொன். சேர்வரின் கறுப்புத் திரையில் உட்கார்ந்து தட்டுகிற அதே கட்டளைகளை நெட்வேர்க் வழியாக அனுப்புவதற்கான ஒரு பேச்சுமுறை. வால்வ் நிறுவனம் தன் சோர்ஸ் எஞ்சின் விளையாட்டுகளுக்காக வகுத்தது இது, பிறகு மைன்கிராஃப்டும் வேறு பல விளையாட்டுகளும் அதையே எடுத்துக்கொண்டன. சோர்ஸ் விளையாட்டுகளில் வழக்கமான போர்ட் 27015, மைன்கிராஃப்டில் 25575. விளையாடுகிறவர்கள் வருகிற 25565 வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வெளியே திறக்கக்கூடாத போர்ட்டைத் திறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

லைப்ரரி உங்களுக்காக என்ன அனுப்புகிறது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், பிறகு பயமே இருக்காது. உள்ளே யார் நிற்கிறார்கள் என்று கேட்கிற கட்டளை 'லிஸ்ட்', ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. அது இணைப்பில் போகும்போது இப்படி 18 பைட்டாகப் போகும்:

14 0 0 0 | 7 0 0 0 | 2 0 0 0 | 108 105 115 116 | 0 0

முதல் நான்கு பைட் நீளம். தன்னை விட்டுவிட்டு மீதியை எண்ணுகிறது, அதனால் 18 அல்ல 14. சிறிய பைட் முன்னுக்கு வருகிற முறை என்பதால் 14 முதலில் நின்று பூச்சியங்கள் பின்னால் வருகின்றன. அடுத்த நான்கு ஓர் அடையாள எண், நான் 7 போட்டேன், எதையும் போடலாம். பதில் வரும்போது அதே 7 திரும்பி வரும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அதைக்கொண்டு பொருத்துகிறோம். அடுத்தது வகை: 2 என்றால் கட்டளை, 3 என்றால் கடவுச்சொல், பதிலாக வருவது 0. பிறகு அந்த நான்கு எழுத்து, கடைசியில் இரண்டு பூச்சியம். கடவுச்சொல் பிழை என்றால் சேர்வர் அடையாள எண்ணை -1 ஆகத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் அது சொல்கிற 'இல்லை'.

முழுப் பேச்சுமுறையும் இவ்வளவுதான். இதில் என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள். மறைகுறியாக்கம் இல்லை. 'லிஸ்ட்' என்ற சொல் 108 105 115 116 என்று வெளிச்சமாகப் போகிறது போலவே, வகை 3 பொட்டலத்தில் உங்கள் கடவுச்சொல்லும் எழுத்து எழுத்தாக அப்படியே போகிறது. நீங்கள் ஒரு ரியூசன் வகுப்பின் வைஃபையிலோ பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் வைஃபையிலோ இருந்து இணைந்தால், வழியில் நிற்கிற யாரும் அதை வாசிக்கலாம். அந்தக் கடவுச்சொல் கிடைத்தவருக்கு சேர்வரில் எல்லா அதிகாரமும் கிடைக்கும். வீட்டுத் திறப்பை முற்றத்தில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி.

முதலில் சேர்வரில்

மைன்கிராஃப்ட் சேர்வர் இருக்கிற ஃபோல்டரில் 'சேர்வர்.புரொப்பர்ட்டீஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 'எனேபிள்-ஆர்கொன்' என்ற வரியை 'ட்ரூ' ஆக்குங்கள், 'ஆர்கொன்.பாஸ்வேர்ட்' என்பதில் கடவுச்சொல்லைப் போடுங்கள், 'ஆர்கொன்.போர்ட்' 25575 ஆகவே இருக்கட்டும். கடவுச்சொல்லை நீங்களே யோசித்து எழுதவேண்டாம், பைதனோடு வருகிற 'சீக்ரெட்ஸ்' என்ற பகுதியில் 'டோக்கன்_ஹெக்ஸ்' என்ற செயலிக்கு (ஃபங்ஷனுக்கு) 24 என்று கொடுத்தால் 48 எழுத்தில் ஒன்று தரும். அதில் வெறும் எண்களும் எஃப் வரையான எழுத்துகளும்தான் வரும் என்பது ஒரு வசதி, ஏனென்றால் இந்தக் கோப்பில் பின்சாய்கோடு மாதிரியான குறிகள் வந்தால் சேர்வர் அதை வேறு விதமாக வாசித்துவிடும், நீங்கள் சரியான கடவுச்சொல்லைப் போட்டும் பிழை என்றே வரும்.

'புரோட்காஸ்ட்-ஆர்கொன்-டு-ஒப்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது 'ட்ரூ' ஆக இருந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அனுப்புகிற ஒவ்வொரு கட்டளையும் உள்ளே நிற்கிற ஒப் அதிகாரம் (விளையாட்டுக்குள் நிர்வாகி அதிகாரம்) உள்ளவர்களின் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். நான் 'ஃபால்ஸ்' போட்டுவிட்டேன்.

சேர்வரை நிறுத்தித் தொடங்கினால்தான் இவை செல்லும். தொடங்கியதும், சேர்வர் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கிற லொக்கைப் பாருங்கள்: ஆர்கொன் 0.0.0.0:25575 இல் ஓடுகிறது என்று ஒரு வரி வரவேண்டும். கடவுச்சொல்லை வெறுமையாக விட்டிருந்தால் ஆர்கொன் தொடங்காது, அதையும் லொக்கிலேயே சொல்லும்.

அந்த 0.0.0.0 என்பதற்கு அர்த்தம், மெஷினின் எல்லா முகவரிகளிலும் அது காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது. அதாவது இந்த நிமிடம் உலகத்தில் யாரும் உங்கள் படலையில் தட்டலாம். அடுத்த பகுதியை முடிக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போகவேண்டாம்.

வேலியும் சுரங்கமும்

உபுண்டு என்ற லினக்ஸில் 'யூஎஃப்டபிள்யூ' என்ற ஃபயர்வோல் இருக்கிறது. உள்ளே வருவதெல்லாம் தடை என்பதை இயல்பு நிலையாக வையுங்கள், பிறகு எஸ்எஸ்எச் (மெஷினுக்குள் மறைகுறியாக்கிய வழியால் போகிற முறை) வருகிற 22-ஐயும் 25565-ஐயும் மட்டும் அனுமதியுங்கள், அதற்குப் பிறகுதான் அதை இயக்குங்கள். இந்த வரிசை முக்கியம். 22-ஐ அனுமதிக்காமல் இயக்கினால் அடுத்த தடவை உங்களாலேயே மெஷினுக்குள் போகமுடியாது, வாடகை நிறுவனத்தின் இணையப் பக்கத்துக் கொன்சோல் வழியாகத்தான் போகவேண்டி வரும். 25575-ஐ அனுமதிக்கவே வேண்டாம், யாருக்காகவும்.

டொக்கரில் (நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிற கருவி) சேர்வரை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: டொக்கர் வெளிவிடுகிற போர்ட் இந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விடும், யூஎஃப்டபிள்யூ தடுத்திருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், அது திறந்திருக்கும். போர்ட் வரியில் 127.0.0.1:25575:25575 என்று முன்னால் உள்முகவரியைச் சேர்த்து எழுதுங்கள்.

வெளியே பூட்டிவிட்டோம், இனி வீட்டிலிருந்து எப்படிப் போவது? எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக. வழக்கமாக மெஷினுக்குள் போக நீங்கள் தட்டுகிற எஸ்எஸ்எச் கட்டளையில், பெயருக்கும் முகவரிக்கும் முன்னால், ஒரு இடைக்கோடும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'எல்'லும் போட்டு ஓர் இடம் விட்டு 25575:127.0.0.1:25575 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடைக்கோடும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'என்'னும் சேர்த்தால் தேவையில்லாமல் ஷெல் (கட்டளைத் திரை) திறக்காமல் சுரங்கம் மட்டும் நிற்கும். இதன் பொருள்: என் கொக்குவில் கணினியின் 25575 இல் தட்டுவது எதுவோ அது எஸ்எஸ்எச்சின் பூட்டிய குழாய்க்குள்ளால் சிங்கப்பூர் போய், அங்கே அந்த மெஷின் தன்னோடு தானே கதைப்பதுபோல் 127.0.0.1:25575 இல் தட்டும். ஆர்கொனில் மறைகுறியாக்கம் இல்லாத குறையை எஸ்எஸ்எச் மூடிவிடுகிறது. உங்கள் கணினியிலும் ஒரு மைன்கிராஃப்ட் சேர்வர் ஓடிக்கொண்டிருந்தால் முதல் எண்ணை 35575 என்று ஏதாவது ஒன்றாக மாற்றுங்கள், பின்னால் உள்ள இரண்டையும் தொடவேண்டாம்.

சரி, வேலி நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? சுரங்கத்தை மூடிவிட்டு, அடுத்த பகுதியில் வருகிற ஸ்கிரிப்டில் 127.0.0.1 க்குப் பதிலாக சேர்வரின் பொது முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். அது தொங்கி நின்று டைம்அவுட் ஆகவேண்டும். பதில் வந்தால், நீங்கள் சந்தோசப்படவேண்டிய நேரமல்ல அது.

லைப்ரரி

பைதனில் இதற்கு இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். 'எம்சிஆர்கொன்' பழையது, எளிமையானது, ஆனால் அது டைம்அவுட்டுக்கு லினக்ஸின் சிக்னலைப் பயன்படுத்துகிறது, பைதனில் சிக்னல் பிரதான த்ரெட்டில் (நிரலின் முதல் ஓட்டத்தில்) மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே டிஸ்கோர்ட் அரட்டையில் தானாக இயங்குகிற பொட் மாதிரி ஒன்றுக்குள் வேறு த்ரெட்டில் அதை வைத்தால் விழுந்துவிடும். நான் பாவிப்பது 'ஆர்கொன்' என்றே பெயர் கொண்ட மற்றது. சோர்ஸ் பேச்சுமுறையும் பற்றில்ஐ என்கிற இன்னொரு பேச்சுமுறையும் அதற்குத் தெரியும், பதிலுக்குக் காத்து நிற்காத அசிங்க் முறையிலும் கூப்பிடலாம்.

புதிய உபுண்டுவில் பைதன் லைப்ரரிகளை நிறுவுகிற பிப்பை நேரே ஓட்டினால் இந்தச் சூழல் வெளியாரால் நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். அதை மீறி நிறுவுவதற்கு ஒரு வழி இணையமெல்லாம் கிடக்கிறது, அதைச் செய்யவேண்டாம். ஒரு வென்வ் (இந்த வேலைக்கென்று தனிப் பைதன் சூழல்) உருவாக்கி அதற்குள் பிப்பால் 'ஆர்கொன்' நிறுவுங்கள்.

ஸ்கிரிப்ட் இவ்வளவுதான். 'ஆர்கொன்.சோர்ஸ்' என்ற பகுதியிலிருந்து 'கிளையன்ட்' என்ற வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கிளையன்டின் முதல் எழுத்து பெரியது. ஒரு 'வித்' வரியில் அதற்கு முகவரி '127.0.0.1', போர்ட் 25575, 'பாஸ்டபிள்யூடி' என்ற பெயரில் கடவுச்சொல், 'டைம்அவுட்' என்ற பெயரில் 60 ஆகியவற்றைக் கொடுங்கள். அந்த வித்துக்குள் கிளையன்டின் 'ரன்' செயலிக்கு 'லிஸ்ட்' என்று கொடுத்து வருவதை அச்சிடுங்கள். வித் தொடங்கும்போது இணைந்து கடவுச்சொல் சொல்வதையும் முடியும்போது இணைப்பை மூடுவதையும் லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் உள்ள கட்டளை என்றால் ரன்னுக்கு 'வைட்லிஸ்ட்', 'அட்', பெயர் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம், அதுவே இடம் விட்டுச் சேர்த்துக்கொள்ளும். கடவுச்சொல் பிழை என்றால் 'ரோங்பாஸ்வேர்ட்' என்ற பிழையை எறியும்.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். ஒரு தனிக் கோப்பில் போட்டு அதன் அனுமதியை 600 ஆக்கி (சொந்தக்காரர் மட்டும் வாசிக்கலாம், எழுதலாம்), ஓடும்போது அதிலிருந்து வாசியுங்கள். என்றைக்காவது இந்த ஸ்கிரிப்டை, நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப்பில் போட்டு நண்பருக்குக் காட்டுவீர்கள், அப்போது நினைவு வராது.

'லிஸ்ட்' தருகிற பதில் ஒரு ஆங்கில வாக்கியம்: இத்தனை பேர், உச்சம் இத்தனை, பிறகு முக்காற்புள்ளி, பிறகு காற்புள்ளி இட்ட பெயர்கள். முக்காற்புள்ளியில் வெட்டி வலப்பக்கத்தைக் காற்புள்ளியில் வெட்டினால் பெயர்ப் பட்டியல் வந்துவிடும். யாரும் இல்லாவிட்டால் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும், அதை வெட்டினால் பைதன் ஒரு வெறும் சொல்லைத் தரும், ஆக 'ஒருவர் நிற்கிறார்' என்று எண்ணிவிடுவீர்கள். வெறும் சொற்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

தமிழில் அறிவிப்பும் போடலாம். 'சே' என்ற கட்டளைக்குப் பின்னால் 'பத்து நிமிடத்தில் சேர்வர் நிற்கும், பெட்டிகளை மூடுங்கள்' என்று நேரே தமிழில் அனுப்புங்கள். ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள்: மைன்கிராஃப்ட் ஒரு கட்டளைக்கு 1446 பைட்டுக்கு மேல் வாங்காது, தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், அதிலும் 'கொ' என்பது ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு, 6 பைட். ஒரு பந்தி எழுத இடமிருக்கிறது, கட்டுரை எழுத இல்லை.

ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை 'லிஸ்ட்' கேட்கிற ஸ்கிரிப்டைத் தயவுசெய்து எழுதவேண்டாம். ஒவ்வொரு இணைப்புக்கும் லொக்கில் தொடங்கியது, முடிந்தது என்று வரிகள் விழும். ஒரு நாள் உண்மையான பிழை ஒன்றைத் தேடும்போது அந்தக் குப்பைக்குள் அது அகப்படாது.

பேக்கப், இதை ஆறுதலாக வாசியுங்கள்

ஓடிக்கொண்டிருக்கிற சேர்வரின் உலக ஃபோல்டரை அப்படியே பிரதி எடுத்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்த பாதிக் கோப்புகள் வரும். அதனால் முதலில் 'சேவ்-ஆஃப்' அனுப்பி தானாகச் சேமிப்பதை நிறுத்தவேண்டும், அடுத்து 'சேவ்-ஆல் ஃபிளஷ்' அனுப்பி நினைவகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதவைக்கவேண்டும், பிரதி எடுக்கவேண்டும், கடைசியாக 'சேவ்-ஆன்' அனுப்பவேண்டும். ஃபிளஷ் என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதி முடித்த பிறகுதான் பதில் வரும். பெரிய உலகம் என்றால் அதற்குப் பல செக்கன் எடுக்கும், மேலே டைம்அவுட்டுக்கு 60 கொடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

என் முதல் ஸ்கிரிப்ட் இந்த நான்கையும் வரிசையாகச் செய்தது, நன்றாகவே ஓடியது. பெறாமக்களும் ஒழுங்கைப் பெடியளும் சேர்ந்து நல்லூர்க் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம். ரொறன்ரோவில் இருக்கிற சின்னவள் கோபுரத்தின் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தத் தட்டில் எத்தனை கட்டி என்று கொப்பியில் எழுதி வைத்து, இங்குள்ள பெடியளுக்குச் சொல்ல, அவர்கள் அடுக்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கிரிப்ட் ஓடியபோது டிஸ்க் நிறைந்திருந்தது. சேவ்-ஆஃப் போனது, பிரதி எடுக்கிற இடத்தில் பிழை வந்தது, பைதன் அங்கேயே நின்றது. நான்காவது வரிக்கு அது வரவேயில்லை. சேர்வர் எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் சனியும் ஞாயிறும் கட்டினார்கள், ஒன்றும் டிஸ்க்கில் எழுதப்படவில்லை. ஞாயிறு இரவு மெமரி போதாமல் ஜாவா சட்டென்று செத்தது. திரும்பத் தொடங்கியதும் சின்னவள் போன் எடுத்துக் கேட்டது ஒன்றுதான்: "பெரியப்பா, மேல் இரண்டு தட்டும் எங்கே?"

அன்றிரவு திருத்தி எழுதியதன் எலும்புக்கூடு இது:

முயல்:
  இணை, சேவ்-ஆஃப், சேவ்-ஆல் ஃபிளஷ், இணைப்பை மூடு
  உலக ஃபோல்டரைப் பிரதி எடு
எது நடந்தாலும் கடைசியில்:
  புதிதாக இணை, சேவ்-ஆன், இணைப்பை மூடு

'முயல்' என்பது பைதனின் ட்ரை, 'எது நடந்தாலும்' என்பது ஃபைனலி. ஃபைனலிக்குள் இருப்பது, மேலே பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். இதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். யாரும் சொல்லாதது அந்தப் 'புதிதாக' என்ற சொல். முதல் இணைப்பையே திறந்து வைத்துக்கொண்டு பிரதி எடுத்து முடித்து அதன் வழியாகவே சேவ்-ஆன் அனுப்பினால், நடுவில் அந்த இணைப்பு அறுந்திருந்தால் ஃபைனலியும் சேர்ந்து விழும், நீங்கள் பழைய இடத்தில்தான் நிற்பீர்கள். பிரதி எடுக்கிற நேரத்தில் சேர்வரோடு கதைக்க ஒன்றும் இல்லை. மூடிவிட்டுப் போய்த் திரும்பத் திறவுங்கள். அதோடு, தொடங்குமுன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று 'ஷடில்' பகுதியின் 'டிஸ்க்_யூசேஜ்' செயலியால் பார்த்து, போதாவிட்டால் சேவ்-ஆஃப் அனுப்பாமலே நின்றுவிடச் சொல்லுங்கள்.

ஆனால் மெஷினே செத்துப்போனாலோ, ஸ்கிரிப்டை யாராவது வலுக்கட்டாயமாகக் கொன்றாலோ ஃபைனலி ஓடாது. அதற்கு ஒரு காவல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன், அரைமணித்தியாலம் கழித்து வந்து ஒரே ஒரு 'சேவ்-ஆன்' அனுப்பும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் அதன் பதில். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், சேமிப்பு ஏற்கனவே இயங்குகிறது என்ற பொருளில் சேர்வர் மறுத்துச் சொல்லும். அப்படிச் சொல்லாமல், தானியங்கிச் சேமிப்பு இப்போது இயக்கப்பட்டது என்று சொன்னால், அதுவரை அணைந்தே கிடந்தது என்று அர்த்தம், அதாவது பேக்கப் எங்கோ முறிந்திருக்கிறது. அந்த இரண்டாவது பதில் வந்தால் என் போனுக்கு ஒரு செய்தி வரும்படி செய்து வைத்திருக்கிறேன். ஒரே கட்டளை, திருத்தவும் செய்கிறது, நோயையும் சொல்கிறது.

இந்த ஸ்கிரிப்டுகள் சிங்கப்பூர் மெஷினிலேயே, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்குகிற கிரோனில் ஓடுகின்றன, அங்கே இருந்தே 127.0.0.1 க்கு இணைவதால் சுரங்கம் தேவையில்லை. நேரம்தான் குழப்பும். மெஷினின் மணி பெரும்பாலும் யூரிசி என்ற உலகப் பொது நேரம், நாங்கள் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். முதலில் நான் இங்கத்தைய அதிகாலை 4 மணிக்கு வைத்தேன், எல்லோரும் நித்திரை என்று. ரொறன்ரோவில் அது கோடையில் முதல்நாள் பின்னேரம் ஆறரை, பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து நிற்கிற உச்ச நேரம், ஃபிளஷ் ஓடுகிற செக்கன்களில் எல்லோரும் உறைந்து நின்றார்கள். இப்போது கிரோனில் 0 7 (நிமிடம் 0, மணி 7) என்று போட்டிருக்கிறேன்: யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 12:30, இங்குள்ளவை பள்ளியில், லண்டனில் காலை 7 அல்லது 8, ரொறன்ரோவில் விடிய 2 அல்லது 3. காவல் ஸ்கிரிப்ட் 30 7. உங்கள் உறவுகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

பிரதியில் உலக ஃபோல்டர் மட்டும் இருக்கட்டும். முழுச் சேர்வர் ஃபோல்டரையும் சுருக்கி 'இந்தா உலகம்' என்று மச்சானுக்கு அனுப்பினால் அதற்குள் சேர்வர்.புரொப்பர்ட்டீஸும் போகும், அதற்குள் கடவுச்சொல் வெளிச்சமாக இருக்கும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது

கொஞ்ச நாளில், புது நண்பனைச் சேர்க்க ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்கவேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு சின்னப் படிவமோ பொட்டோ செய்து கொடுக்கலாம், பெயரைத் தட்டினால் ஸ்கிரிப்ட் அனுமதிப் பட்டியலில் சேர்க்கும். கொடுங்கள், ஆனால் அவர்கள் தட்டியதை அப்படியே கட்டளையில் ஒட்டாதீர்கள். ஆர்கொனில் வருவது சேர்வர் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும், அரைகுறை அதிகாரம் என்று ஒன்று அங்கே இல்லை. மைன்கிராஃப்ட் பெயரில் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு மட்டும்தான் வரும், நீளம் 3 முதல் 16. அதற்கு வெளியே ஒரு குறி இருந்தாலும் ஸ்கிரிப்ட் மறுக்கவேண்டும். எந்தக் கட்டளையையும் தட்டலாம் என்று ஒரு வெறும் பெட்டியை மட்டும் யாருக்கும் வைத்துக் கொடுக்கவேண்டாம், எவ்வளவு நல்ல பிள்ளையென்றாலும்.

வேறு விளையாட்டு என்றால்

இதே லைப்ரரியும் இதே கிளையன்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக் சேர்வருக்கும் வேலை செய்யும். அங்கே சேர்வரின் சிஎஃப்ஜி கோப்பில் 'ஆர்கொன்_பாஸ்வேர்ட்' என்பதைக் கொடுக்கவேண்டும், போர்ட் விளையாட்டுப் போர்ட்டான 27015 தான், யார் நிற்கிறார்கள் என்று பார்க்க 'ஸ்டேட்டஸ்'. யூடிபி, ரிசிபி என்பவை நெட்வேர்க்கில் தரவு போகிற இரண்டு முறைகள். விளையாட்டு யூடிபியில் ஓடுகிறது, ஆர்கொன் அதே எண்ணில் ரிசிபியில் ஓடுகிறது, ஆகவே வேலி போடும்போது 27015 இன் யூடிபியை மட்டும் திறந்து ரிசிபியை மூடியே வைக்கலாம். ஃபக்டோரியோவும் இதே பேச்சுமுறைதான். ஆர்மா மாதிரிப் பற்றில்ஐ பாவிக்கிறவற்றுக்கு லைப்ரரியின் மற்றப் பகுதியிலிருந்து கிளையன்டை எடுக்கவேண்டும், எழுதும் முறை ஒன்றே. ரஸ்ட் வெப்சொக்கட் வழியாகக் கதைக்கிறது, அதற்கு இந்த லைப்ரரி உதவாது.

மைன்கிராஃப்டிலும் 1.21.9 பதிப்பிலிருந்து புதிய நிர்வாகப் பேச்சுமுறை ஒன்று வந்திருக்கிறது, ஜேசன் என்ற தரவு வடிவில் கதைக்கும், மறைகுறியாக்கமும் அதற்குத் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையும் பாருங்கள். என் சேர்வரில் இன்னும் ஆர்கொன்தான் ஓடுகிறது, கோபுரத்தின் மேல் இரண்டு தட்டையும் பிள்ளைகள் அந்தக் கொப்பியைப் பார்த்துத் திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள், இப்போது தேர்முட்டி நடக்கிறது.